காதர் பத்தவச்ச மேனிஃபோல்டு

ஆடி மாசம், சனிக்கிழமை

லாரி எஞ்சினுக்குக் காத்து போற மேனிஃபோல்டு மறுபடியும் விரிசல் விட்டுருச்சு. பழைய மாடலுக்கு எங்கயும் கிடைக்கல. தென்காசி மெக்கானிக் அண்ணாச்சி புது மாடலோடத வாங்கி, போல்ட் ஓட்டைகளை அரத்தால ராவி, ஒருவழியா மாட்டிட்டாரு.

பதினோரு வருஷம் என்கூட இதே லாரியை ஓட்டின காதர் இப்ப சவுதியில, தம்மாம்ல இருக்கான். அவனுக்குப் போன் போட்டு, எஞ்சின் பக்கத்துல பிடிச்சேன்.

"யாரு வண்டிலே இது? நம்மது விசிலடிக்குமே."

"நம்ம வண்டிதாம்லே. மேனிஃபோல்டு மாத்தியாச்சு."

"பழச என்னலே செஞ்ச?"

"இரும்புக் கடைக்குப் போடச் சொல்லிட்டேன்."

"அது நான் பத்தவச்சதுலே" ன்னான். வேலைக்கு நேரமாச்சுன்னு வச்சுட்டான்.

முன்னாடி அது விரிஞ்சப்ப, குற்றாலத்துல, சாரல்ல, நான் தார்ப்பாயைப் பிடிச்சிக்கிட்டு நிக்க, அவன் குனிஞ்சு வெல்டிங் வச்சுப் பத்தவச்சான். தக்காளி லோடு அழுகாம கொல்லம் போய்ச் சேந்துச்சு. வழியெல்லாம் அவன் பாட்டுதான்.

திரும்பப் போய் அதை வாங்கிட்டு வந்துட்டேன். கட்டிலுக்கு அடியில கிடக்கு. வீடெல்லாம் டீசல் நாத்தம்னு வீட்டுக்காரி ஏசுதா.

எப்ப ஊருக்கு வாரான்னு அவன்கிட்ட கேக்காம விட்டுட்டேன்.