மூன்றாவது இடுப்பெலும்பு

பிப்ரவரி 12, வியாழன்

கிடாவின் கொம்பை இன்று ஒரே கோட்டில் போட்டுவிட்டேன். பதினோரு வருடமாக இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று சுற்றிக்கொண்டிருந்த கொம்பு! ஒரு கோடு போதுமாம். அந்தச் சந்தோஷத்தில் தூரிகை கழுவிய தண்ணீரைத் தேநீர் என்று நினைத்துக் குடித்தும்விட்டேன். நாக்கு இன்னும் கறுப்பு.

பத்திரிகைப் படக்கதைக்கு இந்த வாரத்து மூன்று கட்டம்: விருந்தாளி வருகிறார், வீட்டுக்காரன் கத்தி தீட்டுகிறான். அடுத்த கட்டத்தில் வெறும் கயிறு. மூன்றாவதில் கிடா, விருந்தாளியின் கோட்டை மாட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரன் அதனிடமே கேட்கிறான்: "எங்க ஆட்டைப் பார்த்தீங்களா?"

வரைந்துவிட்டு நானே சிரித்தேன். தன் சமையலைத் தானே மெச்சிக்கொள்வது நல்ல பழக்கம் இல்லைதான். வேறு யார் மெச்சுகிறார்கள்?

பிப்ரவரி 13, வெள்ளி

பத்திரிகை வந்தது. பேருந்தில் எதிரே இருந்த அம்மாள் என் பக்கத்தைத்தான் பார்த்தாள். சிரிக்கப்போகிறாள், சிரிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அதில் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினாள்.

மாமனார் மேசையில் கிடந்ததை மடித்து ஓரமாக வைத்தார். "பொம்மைக் கதையெல்லாம் நான் படிக்கறதில்லம்மா" என்றார். பூங்காவில் அவரோடு சதுரங்கம் ஆடும் சபர்பாயும் மூக்கன்பாயும் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவரைக் கேட்கிறார்களாம்: "என்னப்பா, இந்த வாரமும் தப்பிச்சிட்டியா?"

தப்பு என் மேல் இல்லை. கிடாவுக்குத் தோக்தோ என்று பெயர் வைத்தபோது என் கணவர் குபாத்தை எனக்குத் தெரியாது. குபாத்தின் அப்பா பெயர் தோக்தோசுன் என்று நிச்சயத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வழக்கத்தில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. முழுப்பெயரும் கூடாது, அரைப்பெயரும் கூடாது. அதனால் வீட்டில் கிடாவுக்கு "நம்மாளு" என்று பெயர். பதினோரு வருடமாக நான் பெற்று வளர்த்த பிள்ளையை என் வீட்டிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது.

அதுவாவது பரவாயில்லை. எங்கள் மொழியில் தோக்தோ என்றால் 'நில்' என்று அர்த்தம். போன மாதம் மாமனாரோடு சிற்றுந்தில் போனேன். எங்கள் இடம் வந்தது. ஓட்டுநரிடம் 'தோக்தோ' என்று சொல்ல வேண்டும், பக்கத்தில் மாமனார். "அண்ணே... அண்ணே... இங்கதாண்ணே..." என்று முனகினேன். சந்தை தாண்டிப் போய்த்தான் இறங்கினோம். பனியில் திரும்பி நடந்தோம். மாமனாரின் மீசைக்குள் என்னவோ ஆடியது மாதிரி இருந்தது, குளிராகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

குபாத் பழைய வீடியோ கேசட் ஒன்று கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளைக் கௌபாய் படம். டிராலி பேருந்து ஓட்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் காலத்துக் கேசட்டில் ஆண், பெண், குழந்தை, கொள்ளைக்காரன் எல்லோருக்கும் ருஷ்ய மொழியில் ஒரே ஆள்தான் பேசுவார். அவருக்கு எப்போதும் ஜலதோஷம். அமெரிக்காவில் காதல் வந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். இன்றும் தோக்தோவுக்கு வசனம் எழுதும்போது என் காதில் கேட்பது அந்த மூக்கடைத்த குரல்தான்.

மாமனார் படம் பார்ப்பதில்லை, குதிரை பார்க்கிறார்.

"ஓட்டிட்டு வந்த சூட்டோட குதிரைக்குத் தண்ணி காட்டுறான் பாரு! இவனெல்லாம் கதாநாயகனா?"

கதாநாயகன் குண்டடிபட்டு மலை உச்சியிலிருந்து விழுந்தான். எனக்குக் கண் கலங்கியது.

"சாகட்டும்" என்றார் மாமனார்.

"சாக மாட்டான்ப்பா" என்றார் குபாத். "பொணத்தைக் காட்டலையே. பொணத்தைக் காட்டலைன்னா ஆள் எப்படியும் வந்துடுவான்."

சொன்ன மாதிரியே வந்தான். குதிரைக்கு அப்போதும் தண்ணீர் காட்டினான். மாமனார் எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 18, புதன்

பத்திரிகையின் புது ஆசிரியர் சலாமத் கூப்பிட்டனுப்பினார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், அறைக்குள்ளும் கழுத்தில் துண்டு சுற்றியிருப்பார்.

"ஜிர்கல் அக்கா, உங்க கிடா மேல எனக்கு ரொம்பப் பாசம்" என்று ஆரம்பித்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை உடனே ஞாபகம் வந்தது. "ஆனா பாருங்க, பதினோரு வருஷமா தப்பிச்சுக்கிட்டே இருக்கு. ஜனங்க ராசிபலன் பெரிசா கேக்கறாங்க. நூரூஸ் இதழோட முடிச்சிடலாம். பெருநாள், விருந்து, கிடா. பொருத்தமா இருக்கும்ல?"

"முடிக்கறதுன்னா?"

அவர் சுண்டு விரலால் கழுத்துத் துண்டை லேசாக இழுத்துக் காட்டினார்.

நான் என்ன செய்தேன்? சண்டை போட்டேனா? இல்லை. பலியாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். தோக்தோவாக இருந்தால் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும்.

பிப்ரவரி 19

ஒன்றும் வரையவில்லை. கோபத்தில் மூன்று பாத்திரம் கழுவினேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

எங்கள் அலுவலகத்தில் ராசிபலன் எழுதுவதும் தொலைபேசி எடுப்பதும் நாசிகத் என்ற பெண்தான். என் ராசிக்கு இந்த வாரம் "நெடுநாள் துணையைப் பிரிவீர்கள்" என்று போட்டிருக்கிறாள்.

"ஏண்டி இப்படி?"

"நெஜமாவே உனக்குன்னு நெனச்சு எழுதலக்கா. போன வருஷத்துப் பலனைத் திருப்பிப் போட்டேன். எனக்கு மட்டும் இந்தப் பக்கம் பெரிசாகணும்னு ஆசையா? பன்னெண்டு பேருக்குப் புளுகவே நாக்கு தள்ளுது."

பிப்ரவரி 22, ஞாயிறு

நாத்தனார் வீட்டு விருந்து. கறி பங்கு பிரிக்கும்போது, மூத்தவருக்கு முதலில் வைக்கவேண்டிய இடுப்பெலும்பு யாருக்கு என்று தகராறு. இரண்டு கிழவர்கள், பிறந்த வருடம் ஒன்றே. ஒருவர் நான் இளவேனிலில் பிறந்தேன் என்கிறார், மற்றவர் அப்போது நான் தவழ்ந்துகொண்டிருந்தேன் என்கிறார். எலும்பு ஆறிப்போய்க் கொழுப்பு வெள்ளையாக உறைந்துவிட்டது. பெரியவருக்குச் சின்ன எலும்பைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் வர மாட்டார், சாவுக்கும் வர மாட்டார்.

மருமகள் என்பதால் எனக்கு வழக்கம்போல நெஞ்செலும்பு.

மார்ச் 4, புதன்

பேசாப் படம் ஒன்று பார்த்தோம். எல்லோரும் விறுவிறுவென்று நடக்கிறார்கள். "அப்பல்லாம் ஜனங்க சுறுசுறுப்பு" என்றார் மாமனார்.

அதில் குட்டையான ஒருவன் விழுவதற்கு முன்னால் ஒரு நொடி நம்மைப் பார்க்கிறான். அதுதான் நடுக் கட்டம்! முதல் கட்டம் கேள்வி, மூன்றாவது பதில், நடுவில் ஆள் சும்மா முழிக்க வேண்டும். முழிப்பதை வரைவதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டம். கடைசிக் கதையில் தோக்தோவை அப்படி முழிக்கவிடலாம் என்று உட்கார்ந்தேன். கண்ணைப் போட்டேன். அது என்னையே பார்த்தது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

வரைந்து கொடுத்துவிட்டேன்.

முதல் கட்டம் வெறும் கயிறு. நடுவில் பெரிய கொப்பரை, ஆவி. மூன்றாவதில் பந்தியில் மூன்று பெரியவர்கள். கத்தியையும் வரையவில்லை, கிடாவையும் வரையவில்லை. கை வரவில்லை.

பெரியவர்களுக்கு முகம் வேண்டுமே, மாமனாரையும் சபர்பாயையும் மூக்கன்பாயையும் பார்த்து வரைந்தேன். மூவர் தட்டிலும் இடுப்பெலும்பு வைத்தேன். படம்தான் என்றாலும் ஒருவருக்குக் குறைத்து வைக்க மனசு வருமா? நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டாமா?

சலாமத் பார்த்துவிட்டு, "கண்ணியமா இருக்குக்கா" என்றார். கண்ணியமாம்.

மார்ச் 20, வெள்ளி

வெளிவந்துவிட்டது.

சாயங்காலம் சபர்பாயும் மூக்கன்பாயும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். துக்கம் விசாரிக்க வந்தார்களாம், மாமனாரிடமே. "நல்ல மனுஷன்ப்பா நீ. கொஞ்சம் உப்புக் குறைச்சல், மத்தபடி நல்ல கறி" என்றார் மூக்கன்பாய். வேறு நாளாக இருந்தால் மாமனார் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பார். இன்று வெறுமனே தேநீர் ஊற்றச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு என்னைக் கேட்டார்: "முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது மாமா."

"நான் படிக்கறதில்ல. சும்மா கேட்டேன்" என்றார். தொலைக்காட்சியைப் போட்டு, சத்தம் வைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு கிடாவுக்காக, அதுவும் மையில் செய்த கிடாவுக்காக. ஆமாம், அழுதேன். அதற்கு என்ன இப்போது?

மார்ச் 23, திங்கள்

காலையிலிருந்து அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. எல்லாம் கடைசிக் கதையைப் பற்றித்தான் என்றாள் நாசிகத். நெஞ்சு நிறைந்துபோயிற்று. என் பிள்ளைக்கு எத்தனை பேர்! நானும் தொலைபேசியில் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"மூணு பேருக்கும் ஒரே மாதிரி எலும்பா? அதுல மூத்தவன் யாரு, இளையவன் யாரு? பெருநாளும் அதுவுமா மரியாதையைக் கெடுக்கறீங்க!" இது நரின்காரர் ஒருவர்.

"எங்க தலாஸ்ல இப்படிப் பிரிச்சா அடுத்த வேளை சோறு கிடைக்காது." இது ஒரு பெண்.

நாள் முழுக்க இதேதான். கிடா செத்ததைப் பற்றி ஒரு ஜீவன் பேசவில்லை! நானும் ஓர் ஆளிடம் கேட்டேவிட்டேன், "ஐயா, கிடா போயிடுச்சே, அது வருத்தமா இல்லையா?"

"கிடான்னா ஒரு நாள் போகத்தானே செய்யும்? அதை விடும்மா. நீ என்ன பட்டணத்துலயே பொறந்தவளா? எந்த ஊர் ஆட்டுக்கு மூணு இடுப்பெலும்பு இருக்கு?"

பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

இடம் ஒன்று, வலம் ஒன்று. இரண்டுதான். மூன்று பெரியவர்களுக்கு மரியாதை பண்ணப்போய் என் கிடாவுக்கு மூன்று இடுப்பு வைத்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

சலாமத் கழுத்துத் துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுக் கத்தினார். "ஊரே சிரிக்குதுக்கா! எங்க அம்மாவே கூப்பிட்டுச் சிரிக்கறாங்க! வெள்ளிக்கிழமை திருத்தம் வந்தாகணும். நீங்களே போடணும்."

வீட்டிலும் தலை நிமிர முடியவில்லை. ரொட்டி அறுத்துக்கொண்டே குபாத்திடம் புலம்பினேன். "ஒரே ஆட்டுல மூணு எப்படிங்க வரும்? மூணுன்னா ஒரு ஆடு இல்லையே, ரெண்டு ஆடுல்ல? சந்தையில வாங்கின கறின்னாத்தான்—"

கத்தி அப்படியே நின்றது.

குபாத் என்னைப் பார்த்தார். நான் குபாத்தைப் பார்த்தேன். நடுக் கட்டம் மாதிரி இருவரும் முழித்தோம்.

"பொணத்தைக் காட்டினியா?" என்றார்.

"இல்லையே!"

மார்ச் 25, புதன்

கொம்பு, ஒரே கோட்டில். என் கண்ணே.

மார்ச் 27, வெள்ளி

திருத்தம் வந்துவிட்டது, ஆசிரியர் கேட்டபடியே. முதல் கட்டத்தில் வீட்டுக்காரன் தலையைச் சொறிகிறான்: "ஐயா பெரியவங்களே, ஒரு ஆட்டுக்கு ரெண்டு இடுப்பெலும்புதான். ஒத்துக்கறேன், அது சந்தையில வாங்கின கறி." நடுக் கட்டத்தில் மூன்று பெரியவர்களும் முழிக்கிறார்கள். மூன்றாவதில் பந்தியின் கோடியில் கோட்டுப் போட்ட நான்காவது விருந்தாளி. தொப்பியைத் தள்ளிக்கொண்டு கொம்பு தெரிகிறது. "எனக்குக் கறி வேண்டாம். தேநீர் போதும்."

காலையில் மூடிய கடைக்கு முன் ஒருவர் நின்றுகொண்டே படித்துவிட்டுச் சிரித்தார். விதை துப்பவில்லை. சிரித்தார்!

சலாமத் கழுத்துத் துண்டை மறுபடி சுற்றிக்கொண்டார். திருத்தம் போடச் சொன்னது அவர்தானே? ராசிபலன் பழைய அளவுக்கே போய்விட்டது, நாசிகத் என்னைக் கட்டிக்கொண்டாள். கிளம்பும்போது சலாமத் கதவருகே வந்து, யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு கேட்டார்: "அடுத்த வாரம் எப்படிக்கா தப்பிக்கும்?"

ஏப்ரல் 5, ஞாயிறு

வீட்டில் விருந்து. சபர்பாய், மூக்கன்பாய், நாத்தனார் குடும்பம். மாமனாரே கறி பங்கு பிரித்தார். இடுப்பெலும்பு இரண்டும் நண்பர்கள் இருவருக்கும் போயின. நான் நெஞ்செலும்புக்குத் தட்டை நீட்டினேன். கனமாக ஏதோ விழுந்தது.

இடுப்பெலும்பு.

"மாமா, இது..."

"மூணாவது" என்றார். "எங்க ஆட்டுக்கு மூணு."

குபாத் என் காதில், "காலையிலேயே சந்தைக்குப் போய்த் தனியா வாங்கிட்டு வந்தார்" என்றார். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. அந்த ஜலதோஷக் குரல்காரருக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாமனார் என் கிண்ணத்தில் சூப் ஊற்ற ஆரம்பித்தார். முக்கால் கிண்ணம். கையைக் காட்டினேன். ஊற்றினார். தலையை ஆட்டினேன். ஊற்றினார். விளிம்பு வரை வந்துவிட்டது. மீசைக்குள் என்னவோ ஆடுகிறது. குளிர் இல்லை, ஏப்ரல் மாதம்.

"வாயைத் திறந்து சொன்னாத்தானேம்மா தெரியும்?"

"போ... போதும் மாமா..." காதில் விழாத மாதிரி ஊற்றினார். சூப் மேசைவிரிப்பில் வழிந்தது. "தோக்தோ!" என்று கத்திவிட்டேன்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கன்பாய் கடித்த எலும்பை அப்படியே பிடித்திருந்தார்.

மாமனார் கரண்டியை நிறுத்தினார். "என்னையா சொன்னே, கிடாவையா சொன்னே?"

"கிடாவைத்தான் மாமா."

"அப்ப சரி" என்று உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

மேசைவிரிப்பை ஊற வைத்திருக்கிறேன். கொழுப்புக் கறை, லேசில் போகாது.