ஈரம் காயாத மஞ்சள்

மச்சான்,

இன்று ஆபீசில் ஆயுத பூஜை. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வைக்கிறார்கள். ஒரு பெண் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்தாள். அந்த வாசனை பட்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன். எல்லாம் உன்னால்தான்.

ஒக்கலிபுரத்திலிருந்து நம் லேத் பட்டறையை அத்திபெலேக்கு மாற்றியபோது கணக்குப் புத்தகங்கள் காணாமல் போயின. புத்தகம் இல்லை என்றதும் வரி அதிகாரி தன் இஷ்டத்துக்கு ஒரு தொகையைப் போட்டார். அதைக் கட்டினால் பட்டறை போய்விடும். தீர்ப்பாயத்தில் அப்பீல் போட்டுவிட்டு, கையில் ஒரு சாட்சியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். விசாரணைக்கு முந்தின வாரம் இரும்புத்தூள் மூட்டைகளுக்கு அடியில் ஒரு சாக்கில் அவை கிடைத்தன. சாக்கைக் கட்டிக்கொண்டு அழுதாயே, பைத்தியக்காரா.

ஆடிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. "லேட்டா வர்ற புத்தகம். சந்தேகத்தோடதான் பார்ப்பாங்க. தூசியைக்கூடத் தட்டாதீங்க," என்றார்.

நீ கேட்டாயா? விசாரணையன்று காலையில் வந்து பார்த்தால், எல்லாவற்றையும் தூசி தட்டி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாய். புதுக்கணக்கு போடும்போது நாம் செய்வதுதான். "சாக்குல கெடந்ததுடா. அப்படியேவா எடுத்துட்டுப் போறது? சரஸ்வதிடா அது," என்றாய். துடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாய். ஆட்டோவில் வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாய். நான் மடியிலிருந்த புத்தகங்களின் மூலைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வரி இலாகா வக்கீல் முதல் புத்தகத்தை வாங்கினார். மூலையில் கட்டைவிரலைத் தேய்த்துப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் விரலைக் காட்டி, கன்னடத்தில் மெதுவாக, "அரிஷின இன்னூ ஹசி இதே" என்றார். மஞ்சள் இன்னும் ஈரமாம். அதற்குமேல் யாரும் அட்டையைத் திறக்கவே இல்லை. எல்லாம் வழக்குக்காகப் புதிதாக எழுதியவை என்று தீர்ப்பிலும் வந்துவிட்டது.

அன்று படியிறங்கும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "மச்சான், நாம எழுதுனது நெஜந்தானேடா?"

"நெஜந்தாண்டா."

பட்டறைக்குச் சீல் வைத்த அன்றும் அதையே கேட்டாய். ஆஸ்பத்திரியில் கடைசியாக வாய் குழறியபோதும் அதே கேள்விதான். எனக்குப் பயமாக இருந்தது, மச்சான்.

திரும்பி வந்து பார்த்தால் என் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். தொட்டேன், விரலில் ஒட்டியது. "நெஜந்தாண்டா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "என்ன அங்கிள்?" என்றாள் அந்தப் பெண். அந்தக் கணக்கு பொய்யில்லை என்று தெரிந்த ஆள், இந்த ஊரில் இப்போது நான் ஒருவன்தான்.