உப்புப் பார்த்த குழம்பு

காஜா பேராங், மலாக்கா
போகி, 1958

அன்புள்ள அத்தானுக்கு,

சுதந்திரம் கிடைத்த பிறகு வரும் முதல் போகி இது. பக்கத்து வீட்டுத் தைலம்மா அக்கா குடும்பத்தில் இன்று இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போடுவார்கள், உங்களுக்குத் தெரியுமே. "இந்தத் தடவ உன் புருஷனுக்கும் ஒரு எல போடுவோம். அவருக்கு என்ன பிடிக்கும்?" என்று, தலைமுறைகளாக அவர்கள் வீட்டுப் பேச்சாகிப்போன மலாயில் கேட்டார். சண்டைக் காலத்தில் சயாம் ரயில் போட ஜப்பான்காரன் உங்களோடு கூட்டிப்போய்த் திரும்பாத எல்லாரையும் ஊர் செத்தவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டது.

நான் சண்டை போடவில்லை. புளிக்குப் பதில் பெலிம்பிங்காய் போட்ட மீன் குழம்பு என்றேன். கல்யாணமான புதிதில் அக்காவிடம் கற்றுக்கொண்டு நான் அந்தக் குழம்புக்குக் கூனி இறால் புளிக்கவைத்த பெலாச்சான் அரைத்தபோது, "வீட்டுல என்ன செத்துக் கெடக்கு?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினீர்களே! அப்புறம் சட்டியை வழித்துச் சாப்பிட்டதும் நீங்கள்தான். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாகக் கேட்பீர்கள்.

இன்று காலை அந்தக் குழம்பை அக்கா வீட்டு அடுப்பில்தான் வைத்தேன். படைக்கப் போவதை முன்னால் யாரும் வாயில் வைக்கக் கூடாது. கொதி வந்ததும் கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, அவர் கண்ணெதிரே நக்கிப் பார்த்தேன்.

"அடியே, வாய் வச்சத எப்படிப் படைக்கிறது?" என்று பதறினார்.

"படைக்க முடியாதுதான்க்கா" என்று சொல்லிவிட்டு, சட்டியைத் துணியால் பிடித்து நம் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

உப்பு உங்கள் நாக்குக்குச் சரியாக இருக்கிறது. மூடி வைத்திருக்கிறேன். வந்ததும் சூடு பண்ணித் தருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி