பெற்றோரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று ஈ ஓட்டினோம். மூக்குக்கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்ததும் ஒரு நல்ல செய்தி: 'நிலவறை' விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஆட முடியும். ஒருத்தி விளக்கைப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தி கதவுகளைத் திறக்க வேண்டும். முதல் பாகத்தை நானும் தங்கையும் அவள் கல்யாணத்துக்கு முன் ஆடி முடித்தோம். விளக்கு என்னிடம், கதவு அவளிடம். ஒவ்வொரு கதவையும் திரும்பி நின்று சாத்திவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். "பின்னாடி எதுவும் வரலைடி, வா" என்று கத்துவேன். "வந்துட்டா?" என்பாள்.

இப்போது அவள் வேறு ஊரில். ஆளுக்கொரு பிரதி வேண்டும். இணையத்தில் இரண்டு கடைகளில் விற்கிறார்கள். நாங்கள் வழக்கமாக வாங்கும் பழைய கடையில் முழு விலை, புதிதாக முளைத்திருக்கும் கடையில் பாதி விலை. ஒரு கடையில் வாங்கியவர் மற்றதில் வாங்கியவரோடு சேர்ந்து ஆட முடியாது. அதனால் இருவரும் ஒரே கடைக்குப் போயாக வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தள்ளுபடி இல்லாமல் நான் செருப்புகூட வாங்கியதில்லை.

மார்ச் 5, புதன்

தங்கையிடம் போனில் சொன்னேன். "வேணாம்க்கா, பழைய கடையிலயே வாங்கலாம்" என்றாள். ஏன் என்று கேட்டால், பழக்கமாம். அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு எதிரொலி. பிறகு அதே எதிரொலியில் மாப்பிள்ளையின் குரல்.

"நீங்க சொல்றதுதான் சரி அண்ணி. புதுக் கடையில அவளுக்கு நானே கணக்குத் தொடங்கி வச்சிருக்கேன். இவளுக்கு வெவரம் பத்தாது."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். காசின் அருமை தெரிந்த மனுஷன்.

மார்ச் 7, வெள்ளி

பழைய கடையில் நண்பர்கள் தட்டச்சு செய்து பேசிக்கொள்ள ஓர் இடம் உண்டு. மாப்பிள்ளை அலுவலகம் போன பிறகு, பகலில், அவள் அங்கே வருவாள். இன்று வந்தாள். தட்டச்சில் நான் எப்போதும் அவளுக்கு அக்ஸ்தான்.

"அக்ஸ், வேலைக்குப் போற பொண்ணுங்க தங்குற விடுதி உன் கண்ணாடிக் கடைப் பக்கம் இருக்கா? ஒரு ஃப்ரெண்டுக்கு."

பின் தெருவிலேயே ஒன்று இருக்கிறது, விசாரிக்கிறேன் என்றேன். "போன்ல இதப் பத்திக் கேக்காத. அவளுக்குச் சங்கடம்." யார் இந்தத் தோழி? ஊரில் இருக்கும் பாரமெல்லாம் இவள் தலையில்தான்.

மார்ச் 9, ஞாயிறு

பிடிவாதத்துக்கு நானும் சளைத்தவள் இல்லை. புதுக் கடையிலேயே இரண்டையும் வாங்கி, ஒன்றை அவள் கணக்குக்குப் பரிசாக அனுப்பிவிட்டேன். கூட ஒரு குறிப்பு எழுதலாம் என்றது. எழுதினேன்: "பழைய கடைக்கு மூடுவிழா! அங்கே பகலெல்லாம் அடித்த அரட்டையை இனி இங்கே அடிக்கலாம்."

அதற்குத் திரையில் வந்த பதில்தான் வேடிக்கை. 'உங்கள் பரிசு பெற்றோரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.' காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் காட்டினேன். "பெத்தவ இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். எங்கிட்ட யாரும் கேக்கலையே?"

மார்ச் 10, திங்கள்

சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கடையின் உதவிப் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை தன் பெயரில் குடும்பக் கணக்குத் தொடங்கி, அதில் தங்கையைக் குழந்தை என்று பதிந்திருக்கிறார். கட்டின பெண்டாட்டியை. குழந்தைக்கு வருகிற எதுவும் முதலில் பெற்றோரிடம் போகும். பரிசு, செய்தி, எல்லாம்.

நான் எழுதிய குறிப்பும்.

பழைய கடை அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் இருந்தது. ஐயோ, அவள் படித்துப் படித்துச் சொன்னாளே. விடுதி எந்தத் தோழிக்கு என்று இப்போதுதானா எனக்கு உறைக்க வேண்டும்?

போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். "அவ தூங்குறா அண்ணி." பட்டப்பகலில் என்ன தூக்கம்? அதுவும் திங்கட்கிழமை. அவர் ஏன் வீட்டில் இருக்கிறார்?

மார்ச் 11, செவ்வாய்

போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

மார்ச் 12, புதன்

சாயங்காலம் பழைய கடையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. உயிர் வந்தது எனக்கு. முதல் பாகத்தை ஆட அழைப்பும் வந்தது. விளக்கோடு ஓடினேன்.

அவள் கதவைத் திறந்தாள், உள்ளே வந்தாள், சாத்தவில்லை. அடுத்த கதவையும் சாத்தவில்லை. வரிசையாக எல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன.

"அக்கா, அந்த விடுதி என்ன ஆச்சு?"

அக்ஸ் இல்லை. அக்கா. தட்டுவது அவள் இல்லை. "இடமே இல்லையாம். உன் ஃப்ரெண்ட வேற எங்கயாச்சும் பாக்கச் சொல்லு" என்று அடித்தேன்.

"அந்த ஃப்ரெண்டு யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே. யாரு?"

தங்கையின் உருவம் என் விளக்குக்கு நேர் எதிரே வந்து, முகத்தைப் பார்த்தபடி நின்றது. நான் வெளியேறும்வரை நின்றது.

மார்ச் 13, வியாழன்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "காலையில மொத பஸ் எப்போ?" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் அலுவலகம் போயிருந்தார். கதவில் வெளிப்பூட்டு. உள்ளே ஆள் நடமாடும் சத்தம். கூப்பிட்டேன். "அக்கா?" என்றாள், ரொம்ப மெதுவாக.

கீழ்வீட்டுக்காரர்தான் வீட்டுச் சொந்தக்காரர். மாற்றுச் சாவி தரத் தயங்கினார். "குடும்ப விவகாரம், நமக்கு எதுக்கும்மா?" என்றார். அம்மா அவர் வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "எம் பொண்ணு வெளிய வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். உள்ள போகணும்னா என்னத் தாண்டிப் போங்க." சாவி வந்தது.

தங்கை பையோடு தயாராக நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "என்ன மன்னிச்சிருடி" என்றேன். "பழைய கடையிலதான வாங்கச் சொன்னேன்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கூட்டத்துக்கு நடுவே விக்கி விக்கி அழுதேன்.

மார்ச் 30, ஞாயிறு

விடுதிக்கு அவளை அனுப்பவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எங்கள் பழைய அரட்டையில் அவர் படித்திருப்பார். எங்களோடுதான் இருக்கிறாள். இந்த வீடு அவருக்குத் தெரியாதா என்ன? புகார் கொடுத்திருக்கிறோம். கூப்பிடுகிறோம் என்றார்கள், இன்னும் கூப்பிடவில்லை.

இன்று மத்தியானம் பழைய கடையில், முழு விலைக்கு, இரண்டாம் பாகம் இரண்டு பிரதி வாங்கினேன். அவளுக்குப் புதுக் கணக்கு, புதுப் பெயர். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் கதவைக் கண்டுபிடிப்பதற்குள் என் போனில் ஒரு மின்னஞ்சல், புதுக் கடையிலிருந்து.

'உங்கள் பரிசுக்குப் பெற்றோர் ஒப்புதல் அளித்துவிட்டார்.'

இன்று. இத்தனை நாள் கழித்து, இன்று. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய் வாசற்கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதற்கு முட்டுக்கொடுத்து அம்மாவின் நாற்காலி. நான் வைக்கவில்லை.

திரும்பி வந்து விளக்கை எடுத்துக்கொண்டேன். அவள் கதவைத் திறந்தாள், உள்ளே வந்தாள், திரும்பி நின்றாள். பின்னாடி எதுவும் வரலைடி என்று இன்று நான் கத்தவில்லை. அவள் சாத்தி முடிக்கும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.