ஜெர்மனி உன் பங்கு

எதற்கும் அவசரப்படாத என் அருமைச் சரவணா,

செத்துப்போவதில் மட்டும் அவசரப்பட்டுவிட்டாய். உன் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். உன்னிடம் எப்போதும் இப்படித்தானே பேசியிருக்கிறேன், இனிமேல் புதிதாக மரியாதை பழக முடியாது.

நலம் என்று எழுத வேண்டும், அதுதான் முறை. நலமாக இல்லை. கல்லூரிக்குப் போக தேகு ரோடு ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறி சிவாஜிநகரில் இறங்கும்வரை யாரோடும் ஒரு வார்த்தை தமிழ் பேசுவதில்லை. வகுப்பில் இந்தி, லேபில் இங்கிலீஷ், கேன்டீனில் மராத்தி. வீட்டில் அப்பா ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்ததும் படுத்துவிடுகிறார். யாரையாவது திட்ட வேண்டும் என்றால்கூட எனக்குத் தமிழில்தான் வரும். திட்டுவதற்கு ஆள் இல்லை.

நாம் பங்கு பிரித்த கதை உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். இயற்பியல் படிக்கிற பையன் ஒரு கோடை விடுமுறையில் வெளிநாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தால், பிறகு மேற்படிப்புக்கு இடம் கிடைப்பது சுலபம். உதவித்தொகை தர ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முதலில் அங்கே ஒரு பேராசிரியர் ‘சரி, வா’ என்று சொல்ல வேண்டும். அவருக்கு நாமாகத்தான் மெயில் போட்டுக் கேட்க வேண்டும். ஒரே கல்லூரியிலிருந்து இரண்டு பேர் ஒரே பேராசிரியருக்கு எழுதினால் இரண்டையும் குப்பையில் போட்டுவிடுவார் என்று சீனியர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். உண்மையா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. நாமும் நம்பினோம். உலகத்தையே பங்கு போட்டோம்.

லோக்கலில் கம்பியைப் பிடித்து நின்றபடி, பக்கத்தில் நிற்கிற நம் வகுப்புப் பையன்களுக்குப் புரிந்துவிடக் கூடாது என்று தமிழில் பேரம் பேசினோம். ஆக்குர்டி ஸ்டேஷன் வருவதற்குள் இத்தாலியை நீ எடுத்துக்கொண்டாய். சிஞ்ச்வட்டில் ஜப்பான் என் கைக்கு வந்தது. ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்தில்தான் முட்டிக்கொண்டோம். மணல், தானியம், பொடி இதெல்லாம் எப்படி ஓடுகிறது, ஏன் திடீரென்று அடைத்துக்கொள்கிறது என்று பார்க்கிற இடம். எனக்கும் அது வேண்டும். உனக்கோ அது மட்டும்தான் வேண்டும்.

“கனடா முழுசும் எடுத்துக்கோ. ஜப்பானையும் வச்சுக்கோ. இத ஒண்ண மட்டும் எனக்கு உட்டுடு மச்சான்.”

விட்டேன். உன் அம்மா உப்புமாவுக்கு வாங்கி வைத்த ரவையைப் புனலில் கொட்டிக் கொட்டி, எந்தச் சரிவில் அடைக்கிறது என்று பார்த்தவன் நீ. சமையலறையே வெள்ளையாகி நீ வாங்கிய வசவுகளுக்கு நானே சாட்சி. அந்த ஆய்வகம் நியாயப்படி உன்னுடையதுதான்.

நான் மெயில்களைச் சரசரவென்று அனுப்பினேன். ஜப்பான்காரருக்குப் போன மெயிலில் மேலே கனடாக்காரர் பெயர் இருந்தது. உன்னிடம் காட்டினேன். “ஒரே பத்திரிகையில ரெண்டு மாப்பிள்ளை பேரு போட்டிருக்க, எவன்டா வருவான் கல்யாணத்துக்கு” என்று பிம்ப்ரியிலிருந்து காட்கிவரை சிரித்தாய். நீ மட்டும் ஒழுங்காகவா இருந்தாய்? உன் பங்கில் மற்றவர்களுக்கெல்லாம் எழுதிவிட்டு, ஜெர்மனிக்கு மட்டும் மெயிலை அனுப்பாமல் திருத்திக்கொண்டே இருந்தாய். தீபாவளி நெருங்கும்போது காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு வரி திருத்த வேண்டும் என்று எனக்குச் செய்தி அனுப்பினாய். அனுப்பித் தொலை என்று பதில் போட்டேன். அதன்பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

உனக்குத் தெரியாத செய்திகளுக்கு வருகிறேன். கனடாவில் பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் இடமில்லை என்றார்கள். ஜப்பானில் ஒருவர் மிக மரியாதையாக மறுத்தார், படிக்கவே நன்றாக இருந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கெடு நெருங்கியது. என் கையில் யாருமில்லை.

அப்போது லேபில் என் பக்கத்தில் உட்காரும் அனிகேத் சொன்னான், அந்த ஜெர்மனி ஆய்வகம் இப்போது காலியாகத்தானே இருக்கிறது, நீயே எழுதிவிடேன் என்று. அவன் நல்லவன்தான். தர்க்கப்படி பார்த்தால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. நீ எழுதவில்லை, எழுதப்போவதுமில்லை. ஒரே கல்லூரியிலிருந்து ஒரே ஒரு மெயில்தான் போகும். எல்லாம் எனக்கும் விளங்கியது. ஆனால் ‘காலி’ என்று அவன் சொன்ன பிறகு அவன் பக்கத்தில் உட்கார முடியவில்லை. இப்போது லேபில் தனி மேசை.

மெயிலை எழுதினேன். அனுப்பவில்லை. நான், அதுவும் நான், அனுப்பாமல் வைத்திருந்தேன். நீ இருந்திருந்தால் ஒரே கேள்வியில் முடிந்திருக்கும். எடுத்துக்கட்டுமா? எடுத்துக்கோ. அல்லது, கையை ஒடிச்சிடுவேன். இரண்டில் எதைச் சொல்லியிருப்பாய் சரவணா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா டீ கொடுத்தார். உன் தங்கை நித்யா உன் மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிவளைக்க எனக்குத் தெரியாது. சரவணனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடத்துக்கு நான் எழுதலாமா என்று கேட்டுவிட்டேன்.

அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “லோக்கல்ல கர்ச்சீப் போட்டு சீட்டு புடிக்கிற மாதிரி புடிச்சு வச்சிருக்கீங்களாண்ணா? அவன் எந்த ஸ்டேஷன்ல ஏறப் போறான்?” சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழும் சத்தம் கேட்டது.

உன் அம்மா டீ டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

“பொய் சொல்ல மாட்டேன்பா. நீ அங்க போனா எனக்கு வயிறு எரியும். எம்புள்ள போவ வேண்டிய எடம். நீ போவாம உட்டாலும் எரியும், எவனோ ஒருத்தன் போவான் இல்ல? அதுக்கு நீயே போ.”

வேறு யாராவது என்றால், நீயும் எனக்குப் பிள்ளைதான் என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் நான் அனுப்பியிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். அன்று மாலையே அனுப்பினேன்.

அந்தப் பேராசிரியர் வீடியோவில் கூப்பிட்டுப் பேசினார். உன் ரவைப் பரிசோதனையைச் சொன்னேன். அது உன்னுடையது என்றும் சொன்னேன், உன் பெயரை இரண்டு முறை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மாணவரும் விண்ணப்பிக்கலாமே என்றார் அவர். முடியாது, இறந்துவிட்டான் என்றேன். நாகரிகமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அவர், ரவை ஈரமாக இருந்தால் என்ன ஆயிற்று என்று கேட்டார். நீ ஈர ரவையில் செய்து பார்த்தாயா? தெரியாது என்றேன்.

வரச் சொல்லிப் பதில் வந்தது. உதவித்தொகையும் கிடைத்தது. உதவித்தொகைச் செய்தி வரும்போது நான் லோக்கலில் காசர்வாடி தாண்டிக்கொண்டிருந்தேன். படித்த வேகத்தில், “டேய், கெடச்சிருச்சு” என்று பக்கத்தில் திரும்பிச் சொல்லிவிட்டேன். வெந்தயக்கீரை மூட்டையோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். என்ன ஆயிற்று என்று மராத்தியில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூட்டையை நகர்த்தி உட்கார இடம் கொடுத்தார். கெட்ட செய்தி என்று நினைத்துவிட்டார் போல.

மே மாதம் கிளம்புகிறேன். நித்யா உன் கறுப்பு ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குத் தோளில் பிடிக்கிறது. கோடையில் எதற்கு என்று கேட்டேன், பேசாமல் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். உன் அம்மா, அங்கிருந்து போன் பண்ணாதே, என்னால் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார். சரி என்றேன்.

உனக்குப் பதிலாகப் போகிறேன் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அது பொய். நீ போயிருந்தால் எல்லாவற்றையும் மெதுவாகவும் என்னைவிட நன்றாகவும் செய்திருப்பாய். ஆனால் ஈர ரவையை உனக்காகச் செய்து பார்க்கிறேன். ஊர் திரும்பியதும் என் வீட்டுக்குப் போகமாட்டேன். பெட்டியோடு நேராக உன் வீட்டு வாசலுக்கு வருவேன். உன் அம்மாவுக்கு வயிறு எரிந்தாலும், கதவைத் திறக்காவிட்டாலும், அங்கேயே நிற்பேன். திறந்ததும் மணல் எப்படி ஓடியது என்பதை ஒன்று விடாமல் தமிழில் சொல்லி முடிப்பேன்.

உன் பங்கில் கை வைத்த மச்சான்,
தினேஷ்