மெத்தென்று போகிற புதுக் கார்

வெள்ளிக்கிழமை, இரவு

மாமா டயரில் காற்றை இறக்கியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் புதுக் காரை எடுத்து வந்த அன்று, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எட்டாம் மாதம். இன்று சந்தைக்குப் போனோம். அதே ரோடுதான். ஆனால் மெத்தையில் உட்கார்ந்து போவது போல இருந்தது. அம்மாவுக்கு மருமகனைப் பற்றி ஒரே பெருமை.

இறங்கியதும் டயர்களைப் பார்த்தேன். அடியில் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"இன்னா பாப்பா, ஆர்டிஓ மாதிரி சுத்திச் சுத்திப் பாக்குற?" என்றார் மாமா.

"காத்து கம்மியா இருக்குதா மாமா?"

"புது டயரு அப்படித்தான் இருக்கும். போய்ப் படி."

"பங்க்ல அளந்து பாக்கலாமே."

"அங்க மிஷின் ரிப்பேரு."

சாயங்காலம் அதே பங்க்கில் எங்கள் சயின்ஸ் டீச்சர் ஸ்கூட்டிக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாமா டிராக்டர் ஓட்டிப் பழகியவர். சேற்றில் உழும்போது டயரில் காற்றைக் குறைப்பார். ஆனால் நாளை ஸ்கேனுக்குத் திருப்பத்தூர் போக, ஐந்து பேரும் இரண்டு மூட்டைப் புளியுமாக மலையிறங்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் சூடேறும், வளைவில் வண்டி சரியாகத் திரும்பாது என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். "அவரு என்னைக் கொல்லப் பாக்குறாருன்றியா?" என்று சிரித்தாள். அவள் அலுங்கக் கூடாது என்றுதான் அவர் செய்திருப்பார். அதுதான் பயமாக இருக்கிறது.

கார் சாவி இப்போது என் தலையணை உறைக்குள் இருக்கிறது. மாமா முதலில் பங்க்குக்குப் போக ஒத்துக்கொண்டால் கொடுப்பேன். அம்மா அடிப்பாள். அடிக்கட்டும்.