உன் மேப்பிள் மட்டையைக் கீழே வைத்தேன்

சோப்பு போட்டுக் கழுவியும் கையிலிருந்து அலுமினிய மட்டையின் ரப்பர்ப் பிடி வாசனை போகவில்லை. அதை முகர்ந்து முகர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால், "லூசாடி நீ?" என்று கேட்டிருப்பாய். லூசுதான். ஒரு வருடம் கழித்து இன்றைக்குத்தான் மனசு லேசாகியிருக்கிறது, கொண்டாட வேண்டாமா?

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் அம்மா உன் பேஸ்பால் மட்டையை என்னிடம் கொடுத்தார். அவர் பேசுவது அசல் மதுரைத் தமிழ். ஆனாலும் இந்த ஊர் வங்காளிப் பிள்ளைகளோடு வளர்ந்த எனக்கு அவர் சித்தி இல்லை, அவர்கள் கூப்பிடுவதுபோல் என்றைக்கும் மாஷிமாதான். "அவ கையிலயே கெடந்தது. இனி நீ வச்சு வெளையாடுத்தா" என்றார். மறுக்க வாய் வருமா?

உனக்கு அந்தக் கனத்த மேப்பிள் மர மட்டை பொருந்தியது. நீ நெட்டை, தோளும் அகலம். அவ்வளவு கனமும் சரியாகப் பட்டால், பந்து மைதானத்துப் புல்வெளியின் கோடியில் நிற்கும் மரங்கள் வரை போகும். எனக்கோ, அதைத் தோளிலிருந்து கிளப்பி முன்னால் கொண்டுவருவதற்குள் பந்து கேட்சரின் கையுறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். சரி, முந்திக்கொள்வோம் என்று சீக்கிரம் வீச ஆரம்பித்தால், வளைந்து வரும் பந்துக்கு ஏமாறுவேன். தப்பித்தவறிப் பட்டாலும் முனையில்தான் படும். மரம் அதிர்ந்து, உள்ளங்கை தேள் கொட்டியதுபோல் எரியும். முன்பு ஒருநாள் விளையாட்டாக அதை உன்னிடமிருந்து வாங்கி வீசினேனே, "நீ அத வீசலடி, அது உன்ன வீசுது" என்று புல்லில் உருண்டு சிரித்தாய்.

தெரிந்தும் அதையே தூக்கிக்கொண்டு போனேன். காரணம் மாஷிமா. ஞாயிறு தவறாமல் என்னோடு லேக் மார்க்கெட்டில் பஸ் ஏறி வந்து, கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். உன் மட்டையைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அதைக் கீழே வைத்தால் அவரிடமிருந்து உன்னை இன்னொரு முறை பறித்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் எங்கள் கேப்டனும் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த ஞாயிறும் அடிக்காவிட்டால் வேறு ஆளைச் சேர்ப்பேன் என்று சொல்லிவிட்டாள். ஆபீஸை விட்டால் எனக்கு இருப்பது இந்த ஆட்டம் ஒன்றுதான், உனக்குத் தெரியாததா?

இன்று முதல் வாய்ப்பில் மூன்று வீச்சும் காற்றில் போயின. தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி வந்தபோது மாஷிமா கூப்பிட்டார்.

"ஏத்தா, இதவிட லேசா வேற கட்டையே கெடையாதா?"

"இருக்கு மாஷிமா. ஆனா இது அவளோடது. நீங்க இதப் பாக்கத்தான வர்றீங்க..."

"கட்டையப் பாக்கவா பஸ்ஸு ஏறி வர்றேன்? ஒன்னையப் பாக்க வர்றேன்த்தா. வீட்ல ஒத்தையில இருக்க முடியல."

உன் மட்டையை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கீழே வைத்தேன். அடுத்த வாய்ப்பில் அணியின் அலுமினிய மட்டையை எடுத்தேன். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் குழாய்தானே, சொன்ன இடத்துக்கு லேசாக வந்தது. பந்து எங்கே வளைகிறது என்று பார்த்துவிட்டு வீச எனக்கு நேரம் இருந்ததடி! நீ வெறுக்கும் அந்தத் தகரச் சத்தத்தோடு பந்து இரண்டாம் பேஸ்காரியின் தலைக்கு மேலே பறந்தது. நீ அடிக்கும் தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் ஓடினேன், முதல் பேஸில் நின்று மூச்சு வாங்கினேன். தீதி தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அப்பாடா என்றிருந்தது. அடுத்த ஞாயிறும் நான் அணியில் இருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உன் மட்டையை மாஷிமாவே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், வீட்டில் அவர் அறையில் இருக்கட்டுமாம். ஏதோ பேசிக்கொண்டே வந்தவர் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். நீ போனதிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லை. லேக் மார்க்கெட் வந்ததும் கண்டக்டர் கத்தினார். நான் எழுப்பவில்லை. இன்னும் தள்ளியிருக்கும் கரியாஹாட்டுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.